பிரிஜட்டின் பால் டின்கள்

கொசு மருந்து வாடை சூசைநாதனை விட்டுப் போனதே இல்லை. சிவப்புச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, பவுடர் அப்பி, ஞாயிற்றுக்கிழமை லூர்து மாதா கோயிலுக்குப் புறப்பட்டாலும் அந்த எண்ணெய் வாடை அவருக்கு முன்னால் கோயிலுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். நான் அப்போது டாக்சி ஓட்டினேன். அவரை ஒரு தடவை ஏற்றி இறக்கினால் அன்று பொழுதுக்கும் ஏறுகிறவர்களெல்லாம் ஜன்னலைத் திறக்கச் சொல்வார்கள். "அண்ணே, உங்க வண்டிக்குள்ள இனிமே கொசு வராதுலா" என்று அவர் சிரிப்பார்.

கிந்தா ரோட்டுப் பக்கம் ஒரு சந்துக்குள் இரண்டு வரிசையாக அரசாங்கக் குவார்ட்டர்ஸ் இருந்தது. நாங்கள் லைன் என்போம். கால்வாய் கழுவுகிறவர்கள், புல் வெட்டுகிறவர்கள், மருந்து அடிக்கிறவர்கள் என்று கலந்து கட்டிக் குடியிருந்தோம். என் மனைவி சந்திரமதி பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்த்ததால் எங்களுக்கும் ஒரு வீடு. வேலை இருக்கிறவரைக்கும்தான் வீடு. வேலை போனால் சட்டி பானையோடு ரோட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான். அதனால் லைனில் யாரும் மேலதிகாரியைப் பற்றிச் சத்தமாகப் பேசமாட்டார்கள். பெண்கள் சண்டை போட்டாலும் தணிந்த குரலில்தான் போடுவார்கள்.

எங்களுக்கு அடுத்த வீடு சூசைநாதன் வீடு. மனைவி பிலோமினம்மாள், மூத்தவள் பிரிஜட், இளையவள் அற்புதமேரி. பிரிஜட் செகண்டரி டூ, அதாவது எட்டாம் வகுப்பு படித்தாள். அற்புதம் இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை. தெருக்கதவு திறந்தால் என் வண்டிக்குள் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "மாமா, எங்க போணும்?" என்று என்னையே கேட்கும். பிள்ளை இல்லாத வீட்டுக்கு அது போதும்.

சூசைநாதன் நாள் முழுக்க முதுகில் பம்ப்பைச் சுமந்துகொண்டு தேக்காவைச் சுற்றிய சந்துபொந்தெல்லாம் போவார். ஒவ்வொரு வீட்டிலும் வாளி, பூச்சாடி, எறும்பு ஏறாமல் அலமாரிக் காலுக்கு அடியில் வைக்கிற தண்ணீர்க் கிண்ணம் எல்லாவற்றையும் கவிழ்ப்பார். மலாய்க்காரர்கள் ஜெந்திக் என்று சொல்லும் கொசுப்புழு ஒன்று அகப்பையில் நெளிந்தால் போச்சு, அந்த வீட்டுக்காரர் பேரை இன்ஸ்பெக்டர் எழுதிக்கொள்வார். அவர் வருகிறார் என்றால் வீட்டுப் பெண்கள் பயப்படுவார்கள். அந்தப் பயத்தில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமும் உண்டு, நான் ஏன் மறைக்க வேண்டும். "நம்ம லைன்ல ஒரு கொசுவைக் காட்டச் சொல்லுங்க பார்ப்போம்" என்று சவால் விடுவார்.

லைனின் கோடியில், பொதுக் குழாயைத் தாண்டி, அவர் தன் கையால் குகை மாதிரிக் கட்டிய மாதா கெபி இருந்தது. ரோடு போட்டு மிஞ்சிய கருங்கல்லைத் தூக்கி வந்து அடுக்கி, சிமெண்டு பூசி, நடுவில் மாதா சுரூபம் வைத்திருந்தார். காலடியில் கிண்ணம் மாதிரி ஒரு குழி. கோயிலில் யாரோ லூர்து நகருக்கு யாத்திரை போய் ஒரு போத்தல் தீர்த்தம் கொண்டுவந்து கொடுக்க, அதை அந்தக் குழியில் ஊற்றினார். ஒரு போத்தல் தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும்? குறையக் குறையக் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பினார். பழையது கொஞ்சம் மிச்சம் இருக்கிறவரைக்கும் புதிதாக ஊற்றுவதும் தீர்த்தம் ஆகிவிடும் என்பது அவர் நம்பிக்கை. ஆகையால் குழியை ஒருநாளும் காலி செய்யக் கூடாது. வெயிலில் வற்றாமல் இருக்க, சுரூபத்துக்குப் பின்னால் கல்லுக்குள் குடைந்து இடம் விட்டிருந்தார். பாதித் தண்ணீர் அந்த இருட்டுக்குள் போய் நிற்கும். முன்னால் தெரிகிற பக்கத்தைத் தினமும் துடைத்துச் சுத்தமாக வைத்திருப்பார். வாயில் வைக்கிற தண்ணீர் என்பதால் கொசு எண்ணெய் மட்டும் அதில் ஊற்றமாட்டார். இந்து வீட்டுப் பிள்ளைகளும் பரீட்சைக்குப் போகும்போது அதில் விரலை நனைத்து நெற்றியில் வைத்துக்கொள்ளும். சந்திரமதியும் வைப்பாள். எந்தச் சாமி எப்போது கைகொடுக்கும் என்று யாருக்குத் தெரியும்.

அது எழுபத்து மூன்றாம் வருஷம். பிரிஜட்டின் பள்ளிக்கூடத்துக்கு அப்துல் கஃபார் என்று ஒரு சயன்ஸ் வாத்தியார் புதிதாக வந்தார். மீசை கூடச் சரியாக முளைக்காத ஆள் என்று சந்திரமதி சொன்னாள். அந்த மனுஷன் பாடப் புத்தகத்தை மூடிவைக்கச் சொல்லிவிட்டு, ஆளுக்கு ஒரு புரோஜெக்ட் என்று ஆரம்பித்தாராம். பதில் தெரிந்த கேள்வியைக் கொண்டுவரக் கூடாது. வீட்டிலோ தெருவிலோ தனக்கே பதில் தெரியாத ஒன்றை எடுத்துக்கொண்டு, தானே வழி யோசித்து, தானே செய்து பார்க்க வேண்டும். மற்ற பிள்ளைகள் அவரையே சுற்றிச் சுற்றி வந்து, "சார், எந்தக் கேள்வி நல்ல கேள்வி?" என்று கேட்டதாம். அவர் வாயைத் திறக்கவில்லையாம்.

பிரிஜட் கேள்வியோடு எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வந்தாள். சந்திரமதி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அத்தை, உங்களைக் கொசு கடிக்குதா?"

"கடிக்காமலா? கோப்பி குடிக்கிற நேரத்துலதான் காலைப் பிடுங்குது."

"அப்பா இல்லைங்கிறாரே."

"உங்கப்பாவைக் கடிக்காதுலா. அவரைக் கண்டாத்தான் அதுங்க ஓடுதே."

"இல்ல அத்தை. இருக்குதா இல்லையா, இருந்தா எங்கேருந்து வருது? அதான் என் கேள்வி."

"ஏம்மா, ரப்பர் எப்படி வருது, சோப்பு எப்படிச் செய்யறாங்கன்னு எதையாச்சும் செய்யக் கூடாதா?"

"அதுக்கெல்லாம் புத்தகத்துல பதில் இருக்குதே அத்தை."

கோப்பிக் கடையில் பால் டின் வாங்கி வந்தாள். கோப்பி கட்டிக் கொடுப்பார்களே, கெட்டிப் பால் தீர்ந்த டின், அதுதான். நான் வண்டிக்கு வைத்திருந்த பெயிண்டில் சிலதுக்குக் கறுப்பு, சிலதுக்கு வெள்ளை, சிலதுக்குச் சிவப்பு அடித்தாள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தண்ணீர், ஒரு துண்டுக் காகித அட்டை. லைன் நெடுகக் குழாயடி, மாடிப்படி, கெபிப் பக்கம், எங்கள் வாசல் எல்லா இடத்திலும் வைத்தாள். கொசு வந்து அட்டையில் முட்டையிடும். பார்க்கக் கரித்தூள் சிந்தினது போல இருக்கும். புழு வளர்வதற்குள் அட்டையை எடுத்து, டின்னைக் கழுவி, மறுபடி வைத்துவிடுவாள்.

முதலில் கறுப்பு டின்னில்தான் முட்டை அதிகம் இருந்தது. சரி, கொசுவுக்குக் கறுப்புப் பிடிக்கும், கதை முடிந்தது என்று நான் நினைத்தேன். அவள் அப்படி விடவில்லை. கறுப்பை வெள்ளை இருந்த இடத்துக்கும் வெள்ளையைக் கறுப்பு இருந்த இடத்துக்கும் மாற்றினாள். மாற்றியும் கெபிப் பக்கம் இருந்த டின்னில்தான், வெள்ளையாக இருந்தும், கரித்தூள் நிறைய விழுந்தது. தூரம் போகப்போகக் குறைந்தது. அவள் முகம் மாறியதை அன்று நான் பார்த்தேன். ஏதோ கணக்கு வரவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

சூசைநாதன் ஒருநாள் டின்களைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது? நான் ஊரெல்லாம் டின்னைக் கவுக்குறேன், நீ என் வாசல்ல டின் வைக்கிறியா? இன்ஸ்பெக்டர் பார்த்தா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தினமும் பார்த்துடறேம்பா. புழு ஆக விடமாட்டேன்."

"நம்ம லைன்ல கொசு இல்ல. இல்லாததைத் தேடுறதுக்கு ஒரு படிப்பா?"

"இல்லைன்னா அட்டையில முட்டை எப்படிப்பா வருது?"

அவர் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "பக்கத்துத் தெருவிலேர்ந்து பறந்து வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம், எல்லோரும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அவள் அப்பாவின் சவரக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு கெபிக்குப் போயிருக்கிறாள். வெயிலைக் கண்ணாடியில் பிடித்துச் சுரூபத்துக்குப் பின்னால் இருந்த இருட்டுக்குள் அடித்திருக்கிறாள். உள்ளே தண்ணீர் முழுக்க நெளிந்ததாம். இதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. எனக்கே பின்னால்தான் தெரியும். பார்த்தது டெங்கி பரப்புகிற ஏடிஸ் கொசுவின் புழுதானா என்று தெரிந்துகொள்ள அதில் கொஞ்சத்தை ஒரு போத்தலில் எடுத்து, வாயைத் துணியால் கட்டி, சமையற்கட்டு அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறாள். கொசுவாகி, காலில் வெள்ளை வரி தெரிந்தால் அப்பாவிடம் சொல்வது என்று முடிவாம்.

வரி தெரிகிறதற்குள் அற்புதத்துக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பிலோமினம்மாள் அரிசிக் கஞ்சி வைத்தாள், பார்லித் தண்ணீர் காய்ச்சினாள், கெபித் தண்ணீரில் விரலை நனைத்து நெற்றியில் தடவினாள். பிள்ளை கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று அழுதது. கிளினிக்கில் மருந்து கொடுத்தார்கள். சில நாளில் காய்ச்சல் இறங்கியது. மாதா காப்பாற்றிவிட்டாள் என்று பிலோமினம்மாள் கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஆனால் காய்ச்சல் இறங்கிய பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. கையும் காலும் ஐஸ் மாதிரி இருந்தன. பிள்ளை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே எங்களைப் பார்க்கவில்லை. ஈறில் இரத்தம் கசிந்தது.

நான் வண்டியை எடுத்தேன். ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு எத்தனை தடவை போயிருப்பேன், அன்று ரோடு மறந்துபோனது. பின்சீட்டில் பிலோமினம்மாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே வந்தாள். நடுவில் நிறுத்தினால் பிள்ளை போய்விடும் என்பதுபோல மூச்சு விடாமல் சொன்னாள். வழக்கமாக ஸ்டியரிங்கைப் பிடிக்கும் அந்தக் கை அம்மாவின் மடியிலிருந்து நழுவித் தொங்கிக்கொண்டே வந்தது. நான் கண்ணாடியில் அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன்.

டாக்டர் டெங்கி என்றார். இரத்தக் கசிவு இருக்கிற வகை. ஒரு நாள் ரெண்டு நாள் தாண்டினால்தான் சொல்ல முடியும் என்றார். சூசைநாதன் வேலை உடுப்போடு அப்படியே வந்து நின்றார். நர்ஸ் மிஸ்ஸி அவரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வர வேண்டாம், குளித்துவிட்டு வாருங்கள் என்றாள். கொசு மருந்து வாடையோடு அவர் வராந்தாவில் நின்று அழுததை நான் வேறு எங்கேயும் பார்க்காத அழுகை என்பேன். சத்தமே இல்லை.

மாற்றுத் துணி எடுக்க நான்தான் பிலோமினம்மாளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அலமாரியிலிருந்து போர்வையை இழுத்தபோது பின்னால் இருந்த போத்தல் உருண்டு வந்தது. உள்ளே சில புழு நெளிந்தது, சில கூடாகி மிதந்தது. வாயில் கட்டியிருந்த துணி ஒரு பக்கம் தளர்ந்திருந்தது.

பிரிஜட் அடுப்பங்கரையில் நின்றாள்.

"இது என்ன?"

"அம்மா..."

"இது என்னன்னு கேட்டேன்."

"புரோஜெக்ட்டுக்கும்மா. துணி கட்டித்தான் வெச்சிருந்தேன்."

"நீ வளர்த்தியா? தங்கச்சி தூங்குற இடத்துக்குப் பக்கத்துல நீ இதை வளர்த்தியா?"

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. போத்தலை எடுத்துப் போய்க் கழிவுத் தொட்டியில் உடைத்தாள். வெந்நீரை ஊற்றினாள். திரும்பி வந்து துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "அவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உன் மூஞ்சியில நான் முழிக்கமாட்டேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. லைனில் எல்லோரும் அப்படித்தான் பேசிப் பழகியிருந்தோம்.

ஆனாலும் லைனுக்குத் தெரிந்துவிட்டது. கொசு மருந்து அடிக்கிறவன் வீட்டிலேயே கொசு வளர்த்தார்களாம் என்று குழாயடியில் பேச்சு. டெங்கி என்று ஆஸ்பத்திரி சொன்னால் சுற்று வட்டாரம் முழுக்கச் சோதனைக்கு வந்துவிடுவார்கள். சூசைநாதனுக்கு வேலை போகும், வீடும் போகும் என்று பெண்கள் கணக்குப் போட்டார்கள். பால் டின்களைப் பிரிஜட் எல்லாம் கவிழ்த்துக் கழுவி எங்கள் வீட்டு வாசலில் அடுக்கிவைத்தாள்.

சாயங்காலம் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். உள்ளே போகமாட்டேன் என்று படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். அங்கேதான் என்னிடம் கெபி விஷயத்தைச் சொன்னாள்.

"அப்பாகிட்ட சொன்னியா?"

"காலையில ஆரம்பிச்சேன் மாமா. கெபின்னு சொன்னதுமே, 'அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதே, இப்ப நமக்கு இருக்கறது மாதா ஒருத்திதான்'னு சொல்லிட்டாரு."

"சரி விடு. யாரும் இல்லாத நேரம் நானே போய் இறைச்சு ஊத்திடறேன். யாருக்கும் தெரியாது."

அவள் யோசித்தாள். யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"ஊத்திடலாம் மாமா. அப்பா மறுபடி நிரப்புவாரு."

சரியாகத்தான் சொன்னாள். குழி காலியாகக் கிடந்தால் முதல் வேலையாகக் கோயிலில் யாரிடமாவது கொஞ்சம் தீர்த்தம் கேட்டு வாங்கிவந்து ஊற்றி, குழாயைத் திறந்துவிடுவார். சொன்னால் இன்ஸ்பெக்டர் முன்னால் அவர் மாட்டுவார். சொல்லாவிட்டால் அந்த இருட்டுக்குள் இருப்பது இன்னும் ஒரு பிள்ளையைக் கடிக்கும். பக்கத்து வீட்டில் சேக் தாவூதுக்குக் கைக்குழந்தை வேறு இருந்தது.

அப்போது கஃபார் சார் படியேறி வந்தார். சந்திரமதி பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறாள். மனுஷன் முகத்தில் ரத்தமே இல்லை. எங்களுக்கு எதிரே நின்றுகொண்டே பேசினார்.

"பிரிஜட், புரோஜெக்ட்டை விட்டுடு. ஹெட்மாஸ்டர்கிட்ட நான்தான் செய்யச் சொன்னேன்னு சொல்லிட்டேன். உன் மேல எதுவும் வராது."

"சார், தங்கச்சியைக் கடிச்சது என் போத்தல்லேருந்து வந்த கொசுவா, வேற கொசுவா? அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"கண்டுபிடிக்க முடியாதும்மா."

"எந்த வழியிலயும்?"

"எனக்குத் தெரிஞ்சு எந்த வழியும் இல்ல."

"நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைச்சிருச்சு சார். எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சுபோச்சு. சொன்னா அப்பாவுக்கு வேலை போயிரும். இப்ப என்ன சார் செய்யறது?"

அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். ஏதாவது பெரிய வார்த்தை சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன். வாத்தியார் ஆயிற்றே.

"அது எனக்குத் தெரியலம்மா" என்றார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா நீ பார்த்தது பார்த்ததுதான். பார்க்கலைன்னு சொல்லச் சொல்லி நான் சொல்லமாட்டேன்."

எனக்கு அந்த ஆள் மேல் கோபம் வந்தது. எரிகிற வீட்டில் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறாரே என்று. ஆனால் அவர் போகவில்லை. வார்டு மூடுகிறவரைக்கும் அந்தப் படியிலேயே அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் சோதனைக்கு வந்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் மிஸ்டர் கோ என்ற சீனர், அதட்டாத மனுஷன். கூட வந்தவர்களெல்லாம் சூசைநாதனோடு தோளில் பம்ப் சுமக்கிறவர்கள். அவர்களுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. பிள்ளை இன்னும் கண் திறக்கவில்லை. ஆனாலும் சூசைநாதன் ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் பிடித்து வந்து, தானே ஒவ்வொரு கதவாகத் தட்டித் திறந்துவிட்டார். ஓடி ஒளிந்தான் என்று யாரும் சொல்லக் கூடாது என்று நினைத்திருப்பார்.

வாளி, சாடி, கூரைத் தகரம், சாக்கடை எல்லாம் பார்த்தார்கள். சூசைநாதன் வீட்டில் அலமாரியை நகர்த்திப் பார்த்தார்கள். ஈரம் கூட இல்லை. லைனே வாசலில் நின்றது. சந்திரமதி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கெபிக்கு வந்தார்கள். மிஸ்டர் கோ தொப்பியைக் கழற்றினார். முன்னால் இருந்த தண்ணீரைக் குனிந்து பார்த்தார். சுத்தமாக இருந்தது. மெழுகுவர்த்தி பாதி எரிந்து நின்றது. அகப்பை வைத்திருந்தவன் முன்னால் வந்தான். அவர் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். "சாமி இடம். உன் இடம். நீ சொன்னால் போதும்" என்று சூசைநாதனிடம் மலாயில் சொன்னார். அது மரியாதையாகச் சொன்னதுதான்.

சூசைநாதன் வாயைத் திறப்பதற்குள் பிரிஜட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அகப்பைக்காரன் கையிலிருந்து அகப்பையை வாங்கினாள். அவன் ஏன் கொடுத்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. சுரூபத்துக்குப் பக்கவாட்டில் மண்டியிட்டு, கையைக் கல்லுக்குப் பின்னால் முழங்கை வரைக்கும் விட்டு, கோரி எடுத்தாள். இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோகவில்லை. அப்பாவிடம் கொண்டுபோனாள். அகப்பை ஆடித் தண்ணீர் அவள் கால் மேல் சிந்தியது.

"அப்பா, நீங்க பாருங்க."

அகப்பையை வாங்கி வெளிச்சத்துக்குச் சாய்ப்பது அவருக்குக் கைப்பழக்கம். நினைக்காமலே சாய்த்தார். அந்த வெள்ளை அகப்பைக்குள் எத்தனையோ வீட்டுத் தண்ணீரை அப்படிப் பார்த்திருக்கிறார். நெளிவது எனக்கே நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. அகப்பையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் கேட்டார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"தங்கச்சிக்குக் காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே. பயமா இருந்துச்சுப்பா."

அவர் அதை அங்கேயே தரையில் கொட்டியிருக்கலாம். மிஸ்டர் கோ வேறு பக்கம் பார்க்கத்தான் செய்தார், அதற்கு நான் சாட்சி. சூசைநாதன் அகப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார்.

"துவான், இது என் இடம். நான்தான் கட்டினேன். தினம் நான்தான் தண்ணி ஊத்தறேன்."

மிஸ்டர் கோ எழுதிக்கொண்டார். எழுதும்போது அவர் நிமிரவே இல்லை. சூசைநாதன் எங்கள் வாசலுக்கு வந்து, அடுக்கியிருந்ததில் ஒரு பால் டின்னை எடுத்துப்போய், குழியிலிருந்த தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரைக்கும் மொண்டு, வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரையில் ஊற்றினார். ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அப்புறம் சிமெண்டு குழைத்து அந்தக் குடைவை அடைத்தார். ஈரச் சிமெண்டோடு கையைக்கூடக் கழுவாமல் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிப் போனார்.

அற்புதம் பிழைத்துக்கொண்டாள். அன்று பின்னேரம் கண்ணைத் திறந்து, தாகம் என்றாளாம். சூசைநாதனுக்கு வேலை போகவில்லை. பம்ப்பை வாங்கிக்கொண்டு பாசிர் ரிஸ் பக்கம் புல் வெட்டுகிற கூட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். விடியுமுன்னே பஸ்ஸுக்குப் போவார். அவர் மேல் இப்போது பச்சைப் புல் வாடை அடித்தது. வீட்டைக் காலி செய்யச் சொல்லி யாரும் வரவில்லை. வரமாட்டார்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. லைனில் சிலர் பிரிஜட்டைக் கண்டால் பிள்ளையை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். சேக் தாவூது மனைவி மட்டும் ஒருநாள் ஒரு தட்டில் குவே பலகாரம் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்த அத்தனை நாளும் பிலோமினம்மாள் பிரிஜட்டோடு பேசவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. போத்தலுக்காகவா, கெபிக்காகவா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கே தெரிந்திருக்காது. கஃபார் சார் புரோஜெக்ட்டைக் கேட்டபோது பிரிஜட் டின்களை மட்டும் கொண்டுபோய் எந்த டின் எங்கே இருந்தது என்று வரிசையாக மேசையில் வைத்தாளாம். முடிவு என்ன என்று அவர் கேட்கவில்லையாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையை நான்தான் வண்டியில் கூட்டிவந்தேன். பஞ்சு மாதிரி இருந்தாள். பாயில் படுக்கவைத்ததும் தண்ணீர் கேட்டாள். பிலோமினம்மாள் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை டம்ளரில் ஊற்றினாள். பிள்ளை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். டம்ளரைப் பார்த்தாள். கதவோரம் நின்ற மூத்தவளைப் பார்த்தாள்.

"பிரிஜட்" என்றாள். "இதைப் பாரு."

பிரிஜட் டம்ளரை வாங்கி வாசலுக்குக் கொண்டுவந்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினாள். கொதித்த தண்ணீரில் என்ன இருக்கப்போகிறது. ஆனாலும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இருக்குதா?"

"இல்லம்மா."

"நல்லாப் பாரு."

மறுபடியும் பார்த்துவிட்டு, இல்லை என்றாள். அதற்குப் பிறகுதான் பிள்ளைக்குத் தண்ணீர் கிடைத்தது. அது குடித்து முடிப்பதற்குள் பிலோமினம்மாள் உள்ளே போய்க் குடத்தைக் கொண்டுவந்து பிரிஜட் முன்னால் வைத்தாள். அப்புறம் பூச்சாடி. அப்புறம் கால் கழுவுகிற வாளி. பிரிஜட் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது. அம்மா உள்ளே போன சமயம் என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டாள்.

"மாமா, நான் ஒண்ணைத் தவற விட்டுட்டா?"

பிலோமினம்மாள் அடுத்த வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.